திசையா, பெயரா?

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வரும் இடங்கள்



சில வாரங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் தாயும் மகளுமாக இருவர் அறைவீட்டுக்கு வந்தார்கள். மகள் உயர்தரப் பரீட்சையில் நல்ல சித்தி பெற்றவள். கொழும்பில் ஓர் உத்தியோகத்துக்கு விண்ணப்பிப்பதற்காக ஆங்கிலத்தில் கடிதம் ஒன்று எழுதிக்கொண்டு வந்திருந்தாள். "பாதர், இதை ஒருக்கால் பாத்துத் தாங்கோ. பிழை இருந்தாலும் எனக்குத் தெரியாது" என்றார் தாய்.

கடிதம் நன்றாகவே இருந்தது. வசனங்கள் குறுகியவை, இலக்கணமும் பெரும்பாலும் சரி. ஆனால் ஒன்று மட்டும் கண்ணை உறுத்தியது. வேலை, சம்பளம், அனுபவம், நேர்மை என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கி நிமிர்ந்து நின்றன. அவளுடைய ஊரும் மாகாணமும் மட்டும் சின்ன எழுத்தில் ஒடுங்கிக் கிடந்தன. மன்னாருக்குச் சின்ன 'எம்'. 'நோர்தேர்ன் புரொவின்ஸ்' என்பதற்குச் சின்ன 'என்', சின்ன 'பி'.

"ஏன் பிள்ளை இப்பிடி எழுதியிருக்கிறீர்?" என்று கேட்டேன்.

"முக்கியமான சொல்லுகளுக்குத்தான் பெரிய எழுத்துப் போட வேணும் எண்டு நினைச்சன், பாதர்."

"அப்ப உம்மடை ஊர் முக்கியமில்லையோ?"

தாயும் சிரித்தார், மகளும் சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி சிரிப்போடு முடிந்துவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. நம் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள் இதே பிழையை விடுகிறார்கள். பார்த்துத் திருத்துவதற்குப் பெற்றோருக்கும் வழி தெரிவதில்லை. ஆகவே இவ்வாரம் இந்த ஒரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாடமாகத் தருகிறேன்.

பாடத்தைத் தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். இங்கே ஆங்கிலச் சொற்களின் ஒலியைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே வாசியுங்கள். கண்ணால் பார்த்தது மறந்து போகும்; கையால் எழுதியது நிற்கும்.

நமக்கு ஏன் இது கடினம்?

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லை. சிங்களத்திலும் இல்லை. மல்லிகை என்ற பூவையும் மல்லிகா என்ற பெண்ணையும் நாம் ஒரே விதமான 'ம'கரத்தில்தான் தொடங்குகிறோம். எது பெயர், எது சாதாரணச் சொல் என்பதை வசனமே காட்டிவிடும். ஆகவே இந்தப் பிழை அறிவுக் குறைவினால் வருவதன்று. நம் தாய்மொழியில் இல்லாத ஒரு வழக்கம் நம் கைக்குப் பழகவில்லை, அவ்வளவே.

இன்னொரு காரணமும் உண்டு. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயரே முக்கியமெனக் கருதிய பெயர்ச்சொற்களையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதினார்கள். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் மூலப் பிரதியைப் பார்த்தால் பக்கம் முழுவதும் பெரிய எழுத்துக்கள். ஜேர்மன் மொழியில் இன்றைக்கும் எல்லாப் பெயர்ச்சொற்களும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். ஆனால் ஆங்கிலம் அந்த வழக்கத்தைக் கைவிட்டு நெடுங்காலமாயிற்று. இன்றைய ஆங்கிலத்தில் ஒரு சொல் முக்கியமானது என்பதற்காக அதற்குப் பெரிய எழுத்துக் கிடைப்பதில்லை. பெயராக இருந்தால் கிடைக்கும். இதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

விரலும் பெயரும்

நான் குருமடத்தில் படித்த காலத்தில் என் ஆங்கிலக் கட்டுரை ஒன்று சிவப்பு மையால் நிறைந்து திரும்பி வந்தது. வடக்கு, தெற்கு என்று வந்த இடமெல்லாம் பெரிய எழுத்துப் போட்டிருந்தேன். எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த முதிய குரு என்னை விறாந்தைக்குக் கூட்டிச் சென்று, "வடக்கு எங்கே?" என்று கேட்டார். நான் விரலை நீட்டிக் காட்டினேன். "விரலால் காட்டினாய் அல்லவா? அது திசை. அதற்குச் சின்ன எழுத்து. 'உன் மாகாணத்தின் பெயர் என்ன?' என்று கேட்டால் விரலை நீட்டுவாயா, வாயால் சொல்லுவாயா? வாயால் சொல்லுகிறது பெயர். அதற்குப் பெரிய எழுத்து" என்றார்.

அன்றைக்குப் பிறகு அந்தப் பிழையை நான் அதிகம் விட்டதில்லை. 'எந்தப் பக்கம்?' என்ற கேள்விக்கு விடையாக வருவது திசை, சின்ன எழுத்து. 'எந்த இடம், அதன் பெயர் என்ன?' என்ற கேள்விக்கு விடையாக வருவது பெயர், பெரிய எழுத்து. இனி இதைத் துண்டு துண்டாக நோக்குவோம்.

முதலாம் விதி: திசை மட்டும் என்றால் சின்ன எழுத்து

நோர்த், சவுத், ஈஸ்ட், வெஸ்ட் என்னும் நான்கும் வெறும் திசையைக் குறிக்கும்போது சின்ன எழுத்திலேயே தொடங்கும். காங்கேசன்துறை யாழ்ப்பாண நகருக்கு வடக்கே இருக்கிறது என்று எழுதும்போது 'நோர்த்' என்பதற்குச் சின்ன 'என்'. ஏ9 வீதியில் கிளிநொச்சியிலிருந்து தெற்கு நோக்கிப் போனால் வவுனியா வரும் என்னும்போது 'சவுத்' என்பதற்குச் சின்ன 'எஸ்'. எங்கள் வீட்டு வாசல் கிழக்குப் பார்த்தது என்றாலும் அப்படியே. 'நோர்த்வேர்ட்' போன்ற சொற்களுக்கும் இதே விதி.

காற்றும் பருவமழையும் இந்த வகுப்பைச் சேர்ந்தவையே. வடகீழ்ப் பருவக்காற்று, தென்மேல் பருவக்காற்று என்பவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது வசனத்தின் நடுவில் சின்ன எழுத்தே பொதுவான முறை. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதைத்தானே அச்சொல் காட்டுகிறது? சில அறிக்கைகளில் அவற்றைப் பெரிய எழுத்திலும் காண்பீர்கள். மாணவர்கள் பொது முறையைப் பின்பற்றுவதே நன்று.

ஒரு விலக்கு. திசையை ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் எப்போதும் பெரிய எழுத்துத்தான். தேசப்படத்தில் அம்புக்குறிக்கு மேல் நிற்கும் 'என்' பெரியது. அகலக்கோட்டுப் பாகைக்குப் பின்னால் வரும் 'என்'னும் பெரியது.

இரண்டாம் விதி: பெயரின் பகுதி என்றால் பெரிய எழுத்து

திசைச் சொல் ஓர் இடத்தின் பெயருக்குள் புகுந்துவிட்டால் அது பெயரின் உறுப்பாகிவிடும். அப்போது பெரிய எழுத்து. 'நோர்தேர்ன் புரொவின்ஸ்' என்பதில் 'என்', 'பி' இரண்டும் பெரியவை. 'ஈஸ்டேர்ன் புரொவின்ஸ்' என்பதில் 'ஈ'யும் 'பி'யும். 'நோர்த் சென்ட்ரல் புரொவின்ஸ்' என்ற வடமத்திய மாகாணத்துக்கு மூன்று சொல், மூன்று பெரிய எழுத்து. வடமேல் மாகாணமாகிய 'நோர்த் வெஸ்டேர்ன் புரொவின்ஸ்' என்பதற்கும் அப்படியே.

இங்கே நம் பிள்ளைகள் விடும் இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். வடமாகாணம் என்பதை அப்படியே மொழிபெயர்த்து 'நோர்த் புரொவின்ஸ்' என்று எழுதுகிறார்கள். உத்தியோகபூர்வமான பெயர் 'நோர்தேர்ன் புரொவின்ஸ்'. பெயரை எழுதும்போது அது எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். மட்டக்களப்பு வந்தாறுமூலையில் இருப்பது 'ஈஸ்டேர்ன் யூனிவர்சிற்றி'. ஒலுவிலில் இருப்பது 'சவுத் ஈஸ்டேர்ன் யூனிவர்சிற்றி'. இவற்றை நம் விருப்பப்படி 'ஈஸ்ட் யூனிவர்சிற்றி' என்று மாற்றக்கூடாது.

நம் பிரதேச செயலகப் பிரிவுகளைப் பாருங்கள். வலிகாமம் வடக்கு, வடமராட்சி கிழக்கு, மண்முனை வடக்கு என்று திசைச் சொல் பின்னால் வருகிறது. முன்னால் வந்தாலென்ன, பின்னால் வந்தாலென்ன, பெயருக்குள் இருந்தால் பெரிய எழுத்தே. ஆகவே விலாசத்தில் 'வலிகாமம் நோர்த்' என்று எழுதும்போது 'வி'யும் பெரியது, 'என்'னும் பெரியது. ஆனால் வலிகாமத்துக்கு வடக்கே கடல் இருக்கிறது என்று எழுதினால் 'என்' சின்னதாகிவிடும். ஒரே சொல்தான். முன்னதில் பெயராக நிற்கிறது. பின்னதில் விரலாக நீளுகிறது.

பெயர் திசைக்குக் கட்டுப்படாது

'பெயரானால் என்ன, திசையானால் என்ன, கருத்து ஒன்றுதானே?' என்று சிலர் கேட்கக்கூடும். ஒன்றல்ல. எழுத்து மாறினால் இடமே மாறிவிடும்.

அயர்லாந்துத் தீவை எடுத்துக்கொள்வோம். 'நோர்தேர்ன் அயர்லாந்து' என்று பெரிய 'என்' போட்டால், 1921இல் உருவான, ஐக்கிய இராச்சியத்தோடு சேர்ந்திருக்கும் ஆறு கவுண்டிகளைக் குறிக்கும். சின்ன 'என்' போட்டால் தீவின் வடக்குப் பகுதி என்றுதான் பொருள். அயர்லாந்துப் பெருநிலத்தின் வடகோடி முனை மாலின் ஹெட். அது இருப்பதோ டொனிகோல் கவுண்டியில். டொனிகோல் அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்தது; வட அயர்லாந்தைச் சேர்ந்ததன்று! ஆகவே மாலின் ஹெட்டைப் பற்றி எழுதும்போது பெரிய 'என்' போட்டால் அந்த ஊர்க்காரரை வேறொரு ஆட்சியின் கீழ் வைத்துவிடுகிறீர்கள். எல்லைக்காக எத்தனையோ உயிர்கள் பலியான அந்தத் தீவில் அது சின்னப் பிழையாகாது.

ஆபிரிக்காவின் தென்பகுதியையும் பாருங்கள். 'சவுத் ஆபிரிக்கா' ஒரு நாடு. சின்ன 'எஸ்' போட்டு 'சதேர்ன் ஆபிரிக்கா' என்றால் அது ஒரு பரந்த நிலப்பகுதி. பொட்ஸ்வானா, நமீபியா, சிம்பாப்வே எல்லாம் அதற்குள் அடங்கும். அவுஸ்திரேலியாவில் 'சவுத் அவுஸ்திரேலியா' ஒரு மாநிலம், தலைநகர் அடிலெயிட். ஆனால் அந்நாட்டின் மாநிலங்களுள் மிகத் தெற்கே இருப்பது தஸ்மேனியா. இந்தியாவில் 'வெஸ்ட் பெங்கோல்' ஒரு மாநிலம். அது இருப்பது இந்தியாவின் கிழக்கே! 1947இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது அதன் மேற்குப் பாதிக்கு வந்த பெயர் இன்றும் நிற்கிறது. கிழக்குப் பாதி பின்னர் 'ஈஸ்ட் பாகிஸ்தான்' என்று அழைக்கப்பட்டு, 1971இல் பங்களாதேஷ் ஆயிற்று. பெயர் போயிற்று, திசை அங்கேயேதான் இருக்கிறது.

நம் வீடுகளுக்கு நெருங்கிய உதாரணம் ஒன்றும் உண்டு. நம் மக்கள் வேலைக்குப் போகும் கட்டார், குவைத், சவூதி அரேபியா ஆகிய நாடுகளை 'மிடில் ஈஸ்ட்', அதாவது மத்திய கிழக்கு என்கிறோம். விமானம் நம் நாட்டிலிருந்து எந்தப் பக்கம் பறக்கிறது? மேற்குப் பக்கமாக. கிழக்கு என்பது ஐரோப்பாவில் இருந்து பார்த்தவர்கள் இட்ட பெயர். நமக்கு அது திசையே அன்று, வெறும் பெயர். ஆகவே 'எம்', 'ஈ' இரண்டும் பெரியவை. அவ்வாறே அவுஸ்திரேலியாவை 'வெஸ்டேர்ன்' நாடுகளுள் ஒன்றாகச் சொல்லுவார்கள். அது நமக்குத் தென்கிழக்கில் இருக்கிறது. இங்கே 'வெஸ்டேர்ன்' என்பது ஒரு பண்பாட்டின் பெயர்; பெரிய 'டபிள்யூ'.

நம் நாட்டின் சரித்திரமும் இதையே காட்டுகிறது. 1833இல் ஆங்கிலேயர் இலங்கையை ஐந்து மாகாணங்களாக வகுத்தார்கள். மத்திய மாகாணம் தவிர்ந்த நான்குக்கும் திசைகளே பெயராயின. அன்றைய வடமாகாணத்துக்குள் அநுராதபுரப் பகுதியும் இருந்தது. 1873இல் வடமத்திய மாகாணம் அமைக்கப்பட்டபோது அது பிரிந்து சென்றது. பின்னர் 1988இல் வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைக்கப்பட்டன. 2006இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி 2007 ஜனவரி முதல் மீண்டும் தனித்தனியாயின. ஒவ்வொரு முறையும் பெயர் குறித்த எல்லை மாறியது. திசை ஓர் அங்குலமும் அசையவில்லை.

மூன்று சோதனைகள்

எழுதும்போது ஐயம் வந்தால் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: அந்தச் சொல்லுக்குப் பின்னால் 'ஒவ்' வருகிறதா? 'இன் த நோர்த் ஒவ் த ஐலண்ட்' என்றால், தீவின் வடக்கே என்று பொருள். 'ஒவ்' வந்தால் அது பெரும்பாலும் திசை; சின்ன எழுத்து. 'ஒவ்' இல்லாமல் 'இன் த நோர்த்' என்று மட்டும் எழுதி, வடபகுதியையும் அதன் மக்களையும் சேர்த்து ஒரு பிரதேசமாகக் கருதினால் பெரிய எழுத்து. அமெரிக்கர் 'த சவுத்' என்று பெரிய எழுத்தில் எழுதுவது, 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரோடு பெயர் பெற்ற தென் மாநிலங்களையே.

இரண்டு: அந்தப் பெயர் தேசப்படத்திலோ உத்தியோகக் கடிதத்தின் தலைப்பிலோ அப்படியே அச்சாகியிருக்குமா? 'நோர்த் கொரியா', 'சவுத் கொரியா' தேசப்படத்தில் உண்டு, பெரிய எழுத்து. 'வடக்கு வவுனியா' என்று நகரின் வடபக்கத்தைப் பொதுவாகச் சொன்னால் அது தேசப்படத்தில் இராது, சின்ன 'என்'. ஆனால் 'வவுனியா வடக்கு' என்பது ஒரு பிரதேச செயலகப் பிரிவின் பெயர், பெரிய 'என்'.

மூன்று: அந்தத் திசைச் சொல்லை எடுத்துவிட்டால் இடம் மாறிவிடுமா? 'சவுத் கொரியா'வில் 'சவுத்' என்பதை எடுத்தால் அந்த நாடே இல்லை. பெயரின் எலும்பு அது; பெரிய எழுத்து. 'வவுனியாவின் தெற்குப் பக்கம்' என்பதில் திசையை எடுத்தாலும் வவுனியா இருக்கிறது, சின்ன எழுத்து.

வீதி, ஆறு, குடா, கணவாய்

திசைச் சொற்களுக்குச் சொன்னது மற்றச் சாதாரணச் சொற்களுக்கும் பொருந்தும். 'றோட்' என்றால் வீதி, சின்ன 'ஆர்'. 'ஹொஸ்பிற்றல் றோட்' என்றால் ஒரு குறிப்பிட்ட வீதியின் பெயர். இரண்டும் பெரிய எழுத்து. 'றிவர்' என்றால் ஆறு. 'மகாவலி றிவர்' என்றால் பெரிய 'ஆர்'. 'கொலிஜ்' என்றால் கல்லூரி. தன் கல்லூரியின் முழுப் பெயரை எழுதும்போது பெரிய 'சி'. அடுத்த வசனத்தில் 'அந்தக் கல்லூரியில் ஏழு வருடம் படித்தேன்' என்று வந்தால் மறுபடி சின்ன 'சி'. மாகாணமும் அப்படியே. முழுப் பெயர் சொல்லும்போது பெரிய 'பி'. 'இந்த மாகாணத்தில்' என்று மட்டும் சொன்னால் சின்ன 'பி'.

ஆனையிறவுக்கு ஆங்கிலப் பெயர் 'எலிபன்ற் பாஸ்'. ஆனையும் சாதாரணச் சொல். கடக்கும் வழியும் சாதாரணச் சொல். இரண்டும் சேர்ந்து ஓர் ஊரின் பெயரானபின் 'ஈ'யும் 'பி'யும் பெரியவை. சின்ன எழுத்தில் எழுதினால் வாசிப்பவர் ஆனை கடக்கும் ஏதோ ஒரு பாதையைத்தான் நினைப்பார். பாக்கு நீரிணையின் ஆங்கிலப் பெயர் 'போக் ஸ்ட்ரெயிற்'. இதில் முதற்சொல் சென்னையில் ஆளுநராக இருந்த றொபேட் போக் என்பவரின் பெயர். இரண்டாவது சொல் நீரிணை. பெயருக்குள் வந்தபடியால் இரண்டும் பெரிய எழுத்து.

இடையில் வரும் 'ஒவ்', 'த' போன்ற சிறு சொற்களைப் பெரிதாக்க வேண்டாம். 'பே ஒவ் பெங்கோல்', 'கல்ஃப் ஒவ் மன்னார்' என்பவற்றில் முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் மட்டும் பெரியவை. வடமாகாணத்துக்கு முன்னால் வரும் 'த' என்பதும் வசனத்தின் நடுவில் சின்னதே.

ஆங்கிலேயருக்கும் ஐயம் வரும் இடங்கள்

எல்லா இடத்திலும் இப்படித் தெளிவு இருக்குமென்று நான் சொல்லமாட்டேன். மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் ஞானிகள் கிழக்கிலிருந்து வருகிறார்கள். அந்தக் கிழக்கு ஒரு திசையா, ஒரு தேசமா? ஜேம்ஸ் அரசர் ஆங்கிலப் பதிப்பின் இன்றைய அச்சுகள் அதைச் சின்ன எழுத்தில் தருகின்றன. இருபதாம் நூற்றாண்டில் வந்த ஆர்.எஸ்.வி. பதிப்பு பெரிய எழுத்தில் தருகிறது. படித்தவர்களே இரண்டு விதமாகக் கண்டார்கள்.

லண்டனில் இருக்கும் உறவினருக்கு எழுதுகிறீர்கள் என்று வைப்போம். 'ஈஸ்ட் ஹாம்' ஊரின் பெயர், இரண்டும் பெரியவை. ஆனால் லண்டனின் கிழக்குப் பகுதியைப் பொதுவாகச் சொல்லும்போது, சிலர் சின்ன 'ஈ' போடுவர். சிலர் பெரிய 'ஈ' போடுவர். பெரிய 'ஈ' போட்டு 'ஈஸ்ட் லண்டன்' என்றால் தென் ஆபிரிக்காவிலே அதே பெயரில் ஒரு துறைமுக நகரமும் உண்டு என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இப்படியான இடங்களில் ஒரு வழியைத் தெரிந்துகொண்டு, அந்தக் கடிதம் முடியும்வரை அதையே பின்பற்றுங்கள். முதற் பந்தியில் பெரியதும் இரண்டாம் பந்தியில் சின்னதுமாக எழுதுவதுதான் கவனக்குறைவாகத் தெரியும்.

விண்ணப்பம் எழுதுவோருக்கு

அச்சடித்த படிவங்களில் எல்லாவற்றையும் பெரிய எழுத்திலே நிரப்பும்படி கேட்டிருந்தால் அப்படியே செய்யுங்கள். அங்கே இந்தப் பாடத்துக்கு வேலையில்லை. கடிதத்திலும் பரீட்சை விடைத்தாளிலும்தான் வேலை. கைத்தொலைபேசியில் எழுதுவோர் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். அது வசனத்தின் முதலெழுத்தைத் தானாகவே பெரிதாக்கிவிடும். ஆனால் நடுவில் வரும் வடக்கு விரலா பெயரா என்பதை எழுதுபவரே தீர்மானிக்க வேண்டும்.

ஊர், நாடு, மொழி, இனம் ஆகியவற்றின் பெயர்களும், கிழமைகளும் மாதங்களும் எப்போதும் பெரிய எழுத்து. 'தமிழ்', 'இங்கிலிஷ்' என்பவற்றைச் சின்ன எழுத்தில் தொடங்குவது நம்மிடையே மிகவும் பரவிய பிழை. வேலை, சம்பளம், அனுபவம், நேர்மை ஆகியவை எவ்வளவு பெரிய விடயங்களானாலும் சின்ன எழுத்து.

பயிற்சி

கீழ்வரும் வசனங்களை ஆங்கிலத்தில் எழுதுங்கள். திசைச் சொல்லுக்கும் இடப்பெயருக்கும் எந்த எழுத்து என்று தீர்மானியுங்கள். விடையைப் பின்னர் பாருங்கள்.

1. சூரியன் கிழக்கில் உதிக்கிறது.
2. என் தகப்பனார் கிழக்கு மாகாணத்தில் ஆசிரியராக இருந்தார்.
3. முசலி மன்னார் மாவட்டத்தின் தெற்குப் பகுதியில் இருக்கிறது.
4. அண்ணன் தென்கொரியாவில் வேலை செய்கிறார்.
5. பஸ் நிலையத்திலிருந்து மேற்கே நடந்தால் ஹொஸ்பிற்றல் றோட் வரும்.
6. மாமி வடமராட்சி கிழக்கில் வசிக்கிறா.
7. இந்த ஆறு கடலிற் சேர்கிறது. இதன் பெயர் மகாவலி ஆறு.

விடைகள்

1. கிழக்கு: சின்ன எழுத்து. விரலால் காட்டும் திசை.
2. கிழக்கு, மாகாணம்: இரண்டும் பெரியவை. முழுப் பெயர்.
3. தெற்கு: சின்னது. முசலி, மன்னார்: பெரியவை. மன்னாரோடு சேர்ந்து பெயராக வரும் மாவட்டம் என்ற சொல்லும் பெரியது.
4. தென்கொரியா: இரண்டு சொல்லும் பெரியவை.
5. மேற்கு, பஸ் நிலையம்: சின்னவை. ஹொஸ்பிற்றல் றோட்: இரண்டும் பெரியவை.
6. வடமராட்சி, கிழக்கு: இரண்டும் பெரியவை, பிரிவின் பெயர். மாமி வடமராட்சிக்குக் கிழக்கே எங்கோ வசிக்கிறா என்று எழுதினால் மட்டும் கிழக்கு சின்னதாகும்.
7. முதலில் வரும் ஆறு சின்னது. மகாவலியோடு சேர்ந்த ஆறு பெரியது.

ஏழும் சரியென்றால் உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு மூன்று பிழைத்திருந்தால் பிள்ளையோடு சேர்ந்திருந்து இன்னொரு முறை செய்து பாருங்கள். ஆங்கிலம் தெரியாத தாய்மாரும் இதில் உதவலாம். 'இது விரலோ, பெயரோ?' என்று கேட்பதற்குத் தமிழே போதும்.

அந்தப் பிள்ளை அறைவீட்டு மேசையிலேயே இருந்து கடிதத்தைப் புதிதாக எழுதினாள். சம்பளமும் அனுபவமும் சின்ன எழுத்துக்கு இறங்கின. கடைசியில் விலாசத்துக்கு வந்தபோது பேனையைச் சற்று நிறுத்தி, தாயை ஒருமுறை பார்த்துவிட்டு, மன்னாரைப் பெரிய 'எம்'மில் எழுதினாள்.

சின்ன எழுத்தில் எழுதினாலும் தபால்காரர் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் நம்மை அறியாத ஒருவர் நம் ஊரின் பெயரை முதன்முதலாகக் காண்பது நம்முடைய கையெழுத்தில்தான். அதற்குரிய எழுத்தை நாமே கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்?